இன்சென்டிவ் என்றால் பாட்டு

நாமக்கல் பக்கம் இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் ‘இன்சென்டிவ்’ தெரியும். ஆவின் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற என் மாமாவுக்கு நன்றாகவே தெரியும். லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை என்று 2023 டிசம்பரில் அரசு அறிவித்ததிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல்தான். “பாலு எருமை குடுக்குது, இன்சென்டிவு எனக்கு வருது. இது ஞாயங்களா மாப்ளே?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டினால் அங்கே காசே இல்லை. லத்தீனில் ‘கனேரே’ என்றால் பாடுவது. அதன் வழி வந்த ‘இன்சென்டிவம்’, பாட்டு எடுத்துக் கொடுப்பது. கொளுத்துவது என்று பொருள்படும் இன்னொரு சொல்லின் சாயலும் இதன்மேல் விழ, தூண்டிவிடுவது என்றாகி, 1400 வாக்கில் இங்கிலீஷுக்குள் நுழைந்தது. வேலையைக் கூட்டினால் கூலியைக் கூட்டுகிற அர்த்தம் 1943இல், அமெரிக்காவின் யுத்தகாலத் தொழிற்சாலைப் பேச்சில் வந்து ஒட்டிக்கொண்டது.

மாமாவிடம் சொன்னேன். பதறிவிட்டார். “பாட்டுங்களா? சொசைட்டில சொல்லிப்போடாதீங்க. 3 ரூவாய நிறுத்திப்போட்டு மைக்செட் கட்டிருவாங்க.”

பழைய அர்த்தத்தில் இன்சென்டிவ் கொடுத்தவர் எங்கள் மாவட்டத்துக்காரர்தான். 1888இல் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. 1930 ஏப்ரல் 13 அன்று, முன்பு சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடக்கத் தொடங்கினார். படி கிடையாது, பேட்டா கிடையாது. சோறு போடுகிறவர்களுக்கு ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியிருந்தார். சனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டிவிட்டுப் போனார்கள். மரத்தை எப்படி ஜெயிலில் போடுவது? சித்திரை வெயிலில் சுமார் 240 கிலோமீட்டர் நடக்க, தொண்டர்கள் வாயில் இருந்தது கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டு. மாத முடிவில் உப்பு அள்ளியே விட்டார்கள்.

எங்கள் ஊர் லாரி டிரைவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் அசரவில்லை. “படி வேற, பாட்டு வேறங்க. படி குடுத்தா வண்டி கெளம்பும். நடுராத்திரி கண்ணு சொக்குறப்ப இளையராஜா பாடுனாத்தான் ஊடு வந்து சேரும்.” லத்தீன் பண்டிதர்களும் அமெரிக்கக் கணக்கர்களும் சேர்ந்து உட்கார்ந்தாலும் இவ்வளவு சுருக்கமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதைப் படிக்கிற முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: தீபாவளி போனசுக்குப் பதிலாக ஸ்பீக்கர் வாங்கி மாட்டிவிடாதீர்கள்.