கொல்லைப்புறக் கதவு

கேள்வி: புற்றுநோய்க்குத்தான் மாத்திரை வந்துவிட்டதே, அப்புறமும் ஏன் சார் புதுசு புதுசாகக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: சாவி பழசுதான், பூட்டை நோய் மாற்றிவிடுகிறதே! 2001-இல் வந்த இமாடினிப், ஒருவகை ரத்தப் புற்றுநோயைத் தூண்டிவிடும் கைனேஸ் நொதியை முடக்கியது. அந்த நொதியின் 315-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதும் மருந்தால் உள்ளே நுழைய முடியவில்லை. 2012-இல் போனாடினிப் நுழைந்தது. ஆனால் அது வேறு பல கைனேஸ்களின் கதவையும் சாத்தும் மருந்து. ரத்தக்குழாய் அடைப்பு பெரிய கவலையானது. 2021-இல் அங்கீகாரம் பெற்ற அசிமினிப் முன்வாசலையே நாடவில்லை. நொதியின் கொல்லைப்புறக் குழியில் போய் அமர்ந்துகொண்டது.

நம் உடலில் கைனேஸ்கள் 500-க்கும் மேல். குற்றவாளியை மட்டும் பிடிப்பதே நல்ல மருந்து. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.