எனக்கில்லை, வீட்டில்தான்

கேக்கை விழுங்கிய பிறகுதான் சொன்னாள். அதுவும் சும்மா கேக்கா? எங்கள் ஒபிஸில் பிறந்தநாள் கேக்கைத் தட்டில் வைத்துக் கையில் கொடுத்தால் மரியாதைக் குறைவு. பிறந்தநாள்காரி ஒரு துண்டைக் கிள்ளி, ஐசிங் விரலில் வழிய வழிய, நேரே வாயில் ஊட்டிவிட வேண்டும். அதே விரலால் அடுத்த துண்டு, அடுத்த வாய். பல்லேகலையில் எங்கள் பிரிவில் ஒரு வாய் தப்பவில்லை. கடிதம் கொடுக்க வந்த பக்கத்துக் கந்தோர் கே.கே.எஸ். மஹத்தயா கூட ஒரு வாய் வாங்கிக்கொண்டுதான் போனார். எல்லாம் முடிந்து, ஆளுக்கொரு பிளேன்டீயோடு உட்கார்ந்த நேரத்தில், “இண்டைக்கு நேரத்தோட போகணும் அண்ணே, சின்னவளுக்கு அம்மா போட்டிருக்கு” என்கிறாள்.

“அப்ப நீ ஏன்மா வந்த?”

“எனக்கில்லயே அண்ணே, பிள்ளைக்குத்தானே.”

பிள்ளை என்னவோ மட்டக்களப்பில் விடுதியில் தங்கிப் படிப்பது மாதிரி. இரவெல்லாம் இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பிள்ளை. விடிந்ததும் அதன் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே கையால் கேக் பெட்டிக்கு ரிபன் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டில் தொற்று இருக்கும்போது ஒபிஸில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு நான் ஒரு விதிமுறையே தயாரித்து வைத்திருக்கிறேன். முடிவில் எழுதுகிறேன். அதற்குமுன் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது.

அம்மை உடம்பில் பொரிவதற்கு ஓரிரு நாள் முன்னரே தொற்றத் தொடங்கிவிடும். கடைசிக் கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை விடாது. தொற்றினவருக்கு வெளியில் தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். ஆக மூன்று வாரத்துக்கு விடிந்ததும் பனியனைத் தூக்கிக் கண்ணாடியில் வயிற்றைப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. ஒரு நுளம்புக் கடிக்கு நான் கொடுத்த மரியாதையை இதுவரை எந்த மேலதிகாரிக்கும் கொடுத்ததில்லை. ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் திரும்ப வராது என்பார்கள். எனக்கு வந்ததா? அம்மாவுக்குப் போன் போட்டேன். “உனக்கு வரல்ல, தம்பிக்குத்தான் வந்திச்சி” என்றார். சின்னம்மாவைக் கேட்டால், “ரெண்டு பேரும் ஒண்ணாத்தான படுத்துக் கிடந்தீங்க” என்கிறார். தம்பியோ அது மணல்வாரி என்கிறான். பிறகு மூவரும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வீட்டுச் செய்திகள் ஒபிஸுக்கு வந்து சேரும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். நோய் ஒருபோதும் நேரே வராது. மஹியங்கனையில் பஸ் ஏறி, ஒவ்வொரு ஹோல்ட்டிலும் நின்று நின்றுதான் வரும். எங்கள் கணக்குப் பிரிவு நண்பரை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை: “தெல்தெனிய பக்கம் கண் வருத்தம் பரவுதாமே.” பொதுநலச் செய்தி, எல்லோரும் தலையாட்டினோம். செவ்வாய்: “இப்ப திகன வரைக்கும் வந்திட்டாம்.” நல்ல மனிதர், ஊருக்காகக் கவலைப்படுகிறார். புதன்: “எங்கட ரோட்டுலயும் ஒரு வீட்டுல.” எந்த வீடு என்று சொல்லவில்லை. அவர்கள் ரோட்டில் மொத்தமே நாலைந்து வீடு. வியாழன் காலை: “மகன்ட வகுப்புல கொஞ்சப் பேருக்கு.” வியாழன் மத்தியானம், என் ஸ்டேப்ளரைத் திருப்பித் தரும்போது: “மகனுக்கும் லேசா செவந்திருக்கு.” வெள்ளிக்கிழமை மனிதர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். “மொகுத் நே, தூசு” என்றார். தூசாம்! திங்கட்கிழமையே தெரியும் இவருக்கு. தெல்தெனியவில் இவருக்கு யாரும் இல்லை; அந்தப் பக்கம் போனதும் இல்லை. முதல் நாளே மகனின் கண் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருக்கும். அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்த் தெல்தெனியவில் வைத்துவிட்டு, நாளொரு ஊராக நடத்திக் கூட்டிவந்திருக்கிறார், நாங்கள் அதிர்ச்சி அடையக்கூடாதாம். அந்த வாரம் முழுக்க அவர் தொட்ட பைல்கள், கல்குலேட்டர், என் பேனா, வரவு மெஷின்! அந்த மெஷினில் காலையில் பிரிவே வரிசையாகப் பெருவிரலை அமுக்குகிறது. ஒரு விரல் பதியாவிட்டால் நாக்கில் தொட்டு ஈரமாக்கி மறுபடி அமுக்குகிற ஒரு பெரியவரும் எங்களிடம் இருக்கிறார். அடுத்த வாரம் பிரிவில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி. ஓடிட் பண்ண வந்தவர்கள் இது ஏதோ படப்பிடிப்பு என்று நினைத்திருப்பார்கள். நண்பரோ சுகமாகி, தெளிந்த கண்ணோடு ஒவ்வொரு மேசையாக வந்து, “எங்கயிருந்து தொத்திச்சி?” என்று துக்கம் விசாரித்தார்.

சொல்ல மறந்துவிட்டேன், என் ஸ்டேப்ளரை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ஏன் லீவு போடமாட்டார்கள்? பக்கத்திலிருக்கும் ஏற்றுமதி வலயத்தில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்காரும் பிள்ளைகளைக் கோபிக்க எனக்கு வாய் வராது. ஒரு நாள் நின்றால் அவர்களுக்கு வருகைக் கொடுப்பனவு வெட்டுப்படும். காய்ச்சலைச் சீலைக்குள் முடிந்துகொண்டு வேலைக்கு வருகிறார்கள். அரசாங்க உத்தியோகம் அப்படியா? வருடத்துக்கு 21 நாள் சமயோசித லீவு, 24 நாள் ஓய்வு லீவு, ஆக 45 நாள். ஆனால் இந்த 45 நாளையும் மக்கள் தாலிக்கொடி மாதிரி பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். அது பெரஹராவுக்கு, சித்திரைப் புத்தாண்டுக்கு, கதிர்காமத்துக்கு. மகனுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை என்றால் தாய், தகப்பன் இரண்டு பேருமே லீவு. அதே மகனுக்கு அம்மை என்றால் இருவருமே டியூட்டி.

லீவு போட்டு அடங்கிக்கிடந்த ஒரே தொற்று எனக்கு நினைவிருப்பது 2023 ஓகஸ்ட் 31. ஆசியக் கிண்ணம், இலங்கையும் பங்களாதேஷும், எங்கள் பல்லேகல மைதானத்தில், வேலை நாளான வியாழக்கிழமை. அன்று எங்கள் பிரிவில் வயிற்றோட்டம் தாண்டவமாடியது. இலங்கை ஐந்து விக்கெட்டால் வென்றது. மறுநாள் எல்லோருக்கும் வயிறு கட்டியிருந்தது, தொண்டைதான் அடைத்திருந்தது.

கேட்டால் சேரைக் காட்டுவார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. “வருத்தம் உனக்கா, பிள்ளைக்கா? வீட்டுல பார்க்க வேற ஆளில்லயா?” என்று லீவு போர்மைப் பாதிவரை படித்துவிட்டுக் கேட்கிற சேர்மார் இருக்கும்வரை எவள் உண்மையை எழுதுவாள்? வீட்டிலிருப்பவருக்கு நோய் என்பது எங்கள் நிர்வாகத்தில் ஒரு காரணமே இல்லை. நமக்கே வந்தால்தான் காரணம். அதற்குள் நாலு பேருக்குக் கொடுத்திருப்போம், அவர்களுக்கும் காரணம் கிடைத்துவிடும்.

லயத்தில் இருந்த என் பாட்டி இந்த விஷயத்தில் எங்கள் எல்லோரையும்விட உசத்தி. வீட்டில் அம்மை என்றால் வாசலில் வேப்பிலை. அவ்வளவுதான் அறிவித்தல். தாளிப்பு இல்லை, மீன் இல்லை, யாரும் படியேற மாட்டார்கள், கடன் கேட்கக்கூட. சிங்கள ஆட்களும் இதைத் ‘தெய்யன்கே லெட’ என்றுதான் சொல்வார்கள், கொஹொம்ப கொத்தும் செருகுவார்கள். வந்திருப்பது தெய்வம், ஆகவே ஒளிக்க வேண்டியதில்லை. தலைநீர் ஊற்றி முடிந்த பிறகு மாத்தளை முத்துமாரியம்மனுக்கு ஒரு நடை. இப்போது குண்டசாலைப் பக்கத்து மாடிவீடுகளில் வாசலும் இல்லை, வேப்பிலையும் இல்லை. வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பிறந்தநாள் மட்டும் இருக்கிறது.

பாட்டியின் ஆட்கள் இதை ஒன்றும் சும்மா கற்கவில்லை. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கென்று வடக்குப் பாதையில் மாத்தளை வரை நடந்து வந்தவர்களில் வாந்திபேதிக்குப் போனவர்களுக்குக் கணக்கில்லை. பின்னாளில் மண்டபம் முகாமில் அடைத்துவைத்து, ஊசி குத்தி, உடம்பைப் பார்த்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே இந்தப் பக்கம் விட்டார்கள். 1897இல் போட்ட தனிமைப்படுத்தல் சட்டத்தை 2020இல் தூசு தட்டி எடுத்து எங்கள் எல்லோரையும் வீட்டுக்குள் தள்ளினார்கள். அப்போது பக்கத்து அக்குறணையையே இழுத்து மூடினார்கள். தும்மின ஆளை பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப் பார்த்தார்கள். அந்த நாளில் லிப்டுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற அதே ஆட்கள்தான் இப்போது ஐசிங் விரலுக்கு வாயைத் திறக்கிறார்கள். நானும் திறந்தேன். மறுத்தால் பிறந்தநாளும் அதுவுமாக மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாளே.

அம்மைக்குத் தடுப்பூசி இருக்கிறது. அரசாங்கம் பிள்ளைகளுக்குப் போடும் ஊசிகளில் அது இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துப் போடலாம். நலன்புரிச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, இதுவரை வராதவர்களுக்குச் சங்கம் பாதிக் காசு கொடுத்தால் என்ன என்று கேட்டேன். பொருளாளர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டி, யாராவது செத்தால் மலர்வளையத்துக்கும் பெனருக்கும் நிதி இருக்கிறது, சாகாமல் இருப்பதற்கு விதிக்கோவையில் இடமில்லை என்றார். சரி, குறைந்தபட்சம் வீட்டில் யாருக்காவது தொற்று என்றால் உறுப்பினர் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போடுவோம், நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், வாசிக்கிறேன் என்று தாளை எடுத்தேன். நேரம் போகிறது, அதை அடுத்த கூட்டத்தில் எடுப்போம் என்றார்கள். வருடாந்த ட்ரிப்பைப் பற்றி மட்டும் ஒன்றரை மணிநேரம் பேசினோம். திருகோணமலை, இரண்டு நாள், முழுப் பிரிவும் குடும்பத்தோடு, பிள்ளை குட்டிகளோடு, ஜன்னல் திறக்காத ஒரே ஏசி பஸ்ஸில். முன்பக்கத்தில் இரண்டு ஸீட் கேட்டு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன்.