தேய்பிறை மாமா

குடும்பத்துக்கு ஒரு தேய்பிறை மாமா உண்டு. நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் காலை, பாதி எழுதிய பழைய பள்ளிக்கூட நோட்டும் சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாக வந்து உட்கார்ந்துவிடுவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். போகச் சொல்லவும் முடியாது, தாய்மாமன்.

எங்கள் மாமாவுக்கு இந்தப் பெயர் வந்தது தங்கை கல்யாணத்தில். மதுரையில் வளர்பிறை முகூர்த்தத்துக்கு மண்டபம் கிடைக்காமல் வீடே அலைந்துகொண்டிருந்தது. "தேய்பிறை முகூர்த்தத்துல வச்சிரலாம்க்கா. நிலாவோட சேர்ந்து வாடகையும் தேயும்" என்றார். அம்மா முறைத்தாள். "பஞ்சாங்கத்துலயே முகூர்த்தம்னு போட்டிருக்கான். நீ பஞ்சாங்கத்தை நம்புறியா, பக்கத்து வீட்டுக்காரியை நம்புறியா?" தேதி முடிவாயிற்று. பெரிய முகூர்த்தத்தில் கொம்பேறி உட்காரும் மல்லிகை விலையும் கைக்கு எட்டியது.

மண்டபம் பார்க்கப் போனோம். நாங்கள் மணமகள் அறையில் கண்ணாடி பெரிதா, ஏசி ஓடுகிறதா என்று பார்த்தோம். மாமா மீட்டர் பெட்டியைத் திறந்து ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, ஜெனரேட்டரில் குச்சி விட்டு டீசல் அளந்தார். "வாடகையைச் சிரிச்சுக்கிட்டே சொல்வான் மாப்ளே. கரண்ட்டு, டீசல், கூட்டுற காசு, குப்பை அள்ளுற காசுக்கெல்லாம் நாம கிளம்புறப்பதான் வாயைத் திறப்பான்."

ட்ரோன் கேமரா வேண்டும் என்றாள் தங்கை. "மண்டபத்துக்குக் கூரை இருக்கேம்மா, ட்ரோன் அதை எதுக்குப் படம் பிடிக்கணும்?" என்றார். வரவேற்புக்கு ஒரு மேடை, மறுநாள் தாலி கட்ட இன்னொரு மேடை என்று கேட்ட அலங்காரக்காரரிடம், "ராத்திரி பூவுக்குத் தண்ணி தெளிங்க, காலையில அதே பூ கல்யாணம் பார்க்கட்டும்" என்றார்.

நகைக்கடையில்தான் மாமாவின் நோட்டு முழுசாக விரிந்தது. அம்மா கை வைத்தது நுணுக்க வேலைப்பாடு செய்த ஆரம். "பவுனுக்கு 8 கிராம். 10 பவுன்னா 80. சேதாரம் 12 சதவீதம்னா 9.6 கிராம். ஒரு பவுனுக்கு மேல கழுத்துல ஏறாமலே கல்லாவுல ஏறுது. கூலியும் வரியும் தனி. வேலைப்பாடு கம்மியா எடுங்க, சேதாரமும் கம்மி." முதல் நாள் தாம்பூலப் பையில் தேங்காயா சாத்துக்குடியா என்று இரண்டு மணி நேரம் சண்டை போட்ட எங்கள் குடும்பம், இந்த 9.6 கிராமுக்கு மூச்சு விடவில்லை. கல்யாண வீட்டில் சில்லறைக்குத்தான் சத்தம் வரும்.

இத்தனை கறாரான மனுஷர் இரண்டு இடத்தில் மட்டும் பேரமே பேசவில்லை. நாதஸ்வரக்காரர் கேட்ட தொகைக்குத் தலையாட்டினார். சமையல் காண்ட்ராக்டர், "இலைக்கு இருபது ரூபாய் குறைச்சுக்கலாம், நெய்யைக் கொஞ்சம் பார்த்து ஊத்திக்கிறேன்" என்றபோது மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நெய்யைப் பார்க்காதய்யா, ஊத்து. பரிமாற இன்னும் நாலு ஆள் போடு. சாம்பாருக்குத் தூக்குன கை வலிச்சு இறங்குறதுக்குள்ள வாளி வரணும். வந்தவன் மேடைப் பூவையா வீட்டுக்குக் கொண்டுபோறான்? வயித்தைத்தான் கொண்டுபோறான்."

கல்யாணத்தன்று பந்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கூலி இலைக்கணக்கில் அல்லவா? பந்திக்குப் பந்தி போட்ட இலையை எண்ணி, ஐந்தைந்தாகக் கோடு போட்டு வைத்தார். குழந்தைக்குத் தனி இலை கேட்டவர்களை மட்டும், "பச்சைப்பிள்ளை உங்க இலையிலயே சாப்பிடட்டுமே" என்று கெஞ்சினார்.

கடைசிப் பந்தியும் எழுந்தது. காண்ட்ராக்டர் கணக்கில் 612, மாமா கணக்கில் 609. மூன்று இலைக்கு அரைமணி நேரம் பேசி 610-இல் கை குலுக்கினார்கள்.

அப்புறம் ஆளைக் காணோம். தேடிப் போனால், சமையல்கட்டின் பின்வாசலில் எவர்சில்வர் தட்டில் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

"என்ன மாமா இது, பந்தியில உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா?"

"உட்கார்ந்தா 611 ஆகும்டா மாப்ளே."

காண்ட்ராக்டர் காதில் விழுந்துவிட்டது. அவரே ஒரு தலைவாழை இலையைக் கொண்டுவந்து விரித்தார். "ஐயா, உட்காருங்க. இது கணக்குல வராது."

மாமா அவரையும் இலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கணக்குல வராதுல்ல? அப்ப பாயசத்தை ரெண்டு கரண்டியா ஊத்து."