நள்ளிரவில் கட்டுநாயக்க

கேள்வி: அப்பா, அம்மாவுடன் முதல்முறையாகக் கொழும்பு போகிறோம். விமானம் நள்ளிரவில் இறங்குகிறது. ஹோட்டலுக்குப் போக முன்கூட்டியே கார் பதிவு செய்யணுமா, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?
- வாசகி, மதுரை

பதில்: பதிவு செய்துவிடுங்கள். பகலில் வாடகை பேசுவது ஒரு கலை. நள்ளிரவில், தூங்கி வழியும் பெற்றோரை நிற்கவைத்துப் பேசினால் அது தண்டனை.

முதலில் ஹோட்டல் எங்கே என்று பாருங்கள். விமான நிலையம் இருப்பது கட்டுநாயக்கவில். அங்கிருந்து கொழும்பின் காலிமுகத்திடல் பக்கம் போக 30 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நீர்கொழும்பு கூப்பிடு தூரம். முதல் இரவை நீர்கொழும்பில் தங்கினால் பெரியவர்களின் முதுகு உங்களை வாழ்த்தும்.

வாடகையை எழுத்தில் வாங்குங்கள். இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா? விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குப் போக 2013-இல் திறந்த அதிவேக நெடுஞ்சாலையின் சுங்கம் அதில் அடக்கமா? விமானம் தாமதமானால் காத்திருப்புக் கட்டணம் உண்டா? மூன்றுக்கும் பதில் வந்த பிறகே முன்பணம்.

விமான எண்ணைத் தவறாமல் கொடுங்கள். அப்போதுதான் டிரைவர் விமானம் இறங்கும் நேரத்தைப் பார்த்து வருவார். ஆட்களைச் சொல்லும்போது பெட்டிகளையும் எண்ணிச் சொல்லுங்கள். அவற்றை மடியில் உட்காரவைக்க முடியாது. வண்டி எண்ணையும் டிரைவரின் கைபேசி எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள். உங்கள் சிம் அங்கே உடனே வேலை செய்யாமல் போகலாம்.

அப்படியும் வண்டி வரவில்லையா? வருகைக் கூடத்திலேயே டாக்ஸி கவுன்டர்கள் உண்டு. ரசீது வாங்கிக்கொண்டு ஏறுங்கள். வெளியே தோளைத் தொட்டு அழைப்பவரிடம் மட்டும் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.