எண்பதாம் கல்யாணத்துக்கு வராததற்கு விளக்கம்

பொருள்: எண்பதாம் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வராதது – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.
பார்வை: தாங்கள் வைகாசியில் போன் மூலம் இட்ட வாய்மொழி மெமோ.

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. உங்களுக்கும் மாமிக்கும் நமஸ்காரம். "போனில் சொல்கிற சமாதானமெல்லாம் செல்லாது. எழுத்துமூலம் கொடு, ஃபைலில் போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லி நீங்கள் போனை வைத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. 34 வருஷம் தாலுகா ஆபீஸில் இருந்தவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? அதனால்தான் இந்தக் கடிதம். எங்கள் கதையை முழுதாகப் புரிந்துகொள்ள நம் குடும்பத்தில் உங்களை விட்டால் ஆளில்லை என்பது இன்னொரு காரணம். அம்மாவிடம் சொன்னால் "விசாதானே, போய்க் கேட்டு வாங்கிட்டு வாடா" என்கிறாள்.

எங்கள் நாலு பேருக்கும் நாலு அட்டை உண்டு, ஏடிஎம் கார்டு அளவில். ஜெர்மனியில் இத்தனை நாள்வரை இருக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொடுப்பார்களாம். 2011 செப்டம்பரிலிருந்து அட்டை, உள்ளே சிப். பெர்லினில் பாஸ்போர்ட் அச்சடிக்கிற அதே அரசாங்க அச்சகம்தான் இதையும் அச்சடிக்கிறது. ஏப்ரலில் நாலு அட்டையும் காலாவதி. நான் ஜனவரியிலேயே மனுப் போட்டுவிட்டேன். மூன்று மாதம் முன்னால்! "கடைசி நாளில் மனுவோடு வந்து நிற்கிறவன் உருப்பட மாட்டான்" என்று நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன்.

இணைப்புகளைப் பார்த்திருந்தால் உங்களுக்குக் கண் கலங்கியிருக்கும். வேலை ஒப்பந்தம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இன்னும் வேலையில்தான் இருக்கிறேன் என்று கம்பெனி கொடுத்த கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீட்டுச் சான்று. வாடகை ஒப்பந்தம் எதற்கு என்று கேட்பீர்கள். குடும்பத்தோடு இருப்பவனுக்குப் போதுமான இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 12 சதுர மீட்டர், ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு 10. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள் கணக்கில் இல்லை. அவர்கள் அந்தரத்தில் தொங்குவதாக ஐதீகம் போலிருக்கிறது. எங்களுக்கு 46 வேண்டும், 68 இருக்கிறது, தப்பித்தோம். மே மாத லீவில் தாத்தா வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர் வரிசையாகப் படுத்துக்கொள்வோமே, ராத்திரி எழுந்தால் யார் காலை மிதிக்கிறோம் என்று தெரியாமல்? இந்தக் கணக்குப்படி நம் வம்சத்தில் ஒருத்தருக்கும் விசா தேறியிருக்காது.

மனு கொடுத்தாயிற்று. அடுத்தது டெர்மின். டெர்மின் என்றால் முன்கூட்டியே வாங்கும் நேரம். இந்த ஊரில் முடி வெட்டுவதற்கும், பல் பிடுங்குவதற்கும், சிநேகிதன் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போவதற்கும் டெர்மின் வேண்டும். விசா ஆபீஸின் டெர்மின் கம்ப்யூட்டரில் விடியற்காலையில் திறக்கும். நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் தீர்ந்துவிடும். பிறகு முகம் கழுவுவதை விட்டேன். அப்படியும் தீர்ந்தது.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பிரச்னை ஒன்று சேர்ந்துகொண்டது. அந்த ஆபீஸில் குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான் வேலையைப் பிரித்திருக்கிறார்கள். இன்னின்ன எழுத்துக்கு இன்ன அறை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் எனக்கு அப்பா பெயர், பி. என் வீட்டுக்காரிக்கு அவள் அப்பா பெயர், ஆர். பிள்ளைகளுக்கு என் பெயர், எஸ். ஆக, ஒரே கட்டிலில் உருண்டு புரளும் நாலு பேருக்கு மூன்று குமாஸ்தாக்கள், மூன்று மாடிகளில். மூவருக்கும் தனித்தனியாக மெயில். ஒருவர் பதில் போடுவார், இன்னொருவர் லீவில் இருப்பார், மூன்றாமவர் "உங்கள் மனைவியின் ஃபைல் வந்தபிறகு பார்க்கிறேன்" என்பார். ஃபைல் கீழ் மாடியிலிருந்து மேல் மாடிக்கு எத்தனை வாரத்தில் ஏறும் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

ஏப்ரல் வந்தது. அட்டை காலாவதி. இனிமேல்தான் சட்டம், கவனமாகப் படியுங்கள். இங்கே குடியிருப்புச் சட்டத்தில் 81-வது பிரிவு, 4-வது உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அனுமதி முடிவதற்குள் நீட்டிக்க மனுப் போட்டுவிட்டால், முடிவு சொல்லும்வரை பழைய அனுமதி தொடர்வதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது ஏப்ரலுக்குப் பிறகும் நான் இங்கே சட்டப்படிதான் இருந்தேன், வேலைக்கும் போனேன். ஆனால் அதைக் காட்ட கையில் ஒரு தாளும் இல்லை. இருந்ததெல்லாம் "உங்கள் மனு கிடைத்தது, இந்த மெயிலுக்குப் பதில் அனுப்பாதீர்கள்" என்ற ஒரு மெயில். அதை நம்பி நாலு பேரும் விமானம் ஏறி, திரும்பும்போது சென்னை கவுண்டரில் காலாவதியான அட்டையை நீட்டி, அந்தப் பெண்ணுக்கு 81-வது பிரிவைப் பாடம் நடத்த எனக்குத் தைரியம் வரவில்லை. நான் வராததற்குக் காரணம் இதுதான் மாமா. டிக்கெட் விலையைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டேன் என்று சின்ன அத்தை சொன்னதாகக் கேள்வி. அது பொய். விலை பார்க்கிற கட்டத்துக்கே நான் போகவில்லை.

திருக்கடையூரில் காலை ஆறு மணிக்கு நீங்கள் கலச நீரில் நனைந்துகொண்டிருந்தபோது இங்கே நடுராத்திரி இரண்டரை. இவள் அந்த விசேஷத்துக்கென்றே எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்து, மாமிக்கு நீங்கள் தாலி கட்டியபோது போன் திரையைப் பார்த்து அட்சதை போட்டாள். கண்ணில் தண்ணீர் வேறு. சோபா இடுக்கிலிருந்து இன்னும் மஞ்சள் அரிசி வந்துகொண்டிருக்கிறது. கீழ்வீட்டுக் கிழவி மறுநாள் படியில் நிறுத்தி, இரவு பத்து மணிக்கு மேல் நாதஸ்வரம் கூடாது என்றாள். அவளுக்கு அது நாதஸ்வரம் என்று தெரியாது; "அந்த வாத்தியம்" என்றாள்.

ஆனியில் ஒருவழியாக டெர்மின் கிடைத்தது. அதுவும் மூன்று எழுத்துக்கும் சேர்த்து ஒரே அறையில், வயதான ஒரு அம்மாளிடம். ரிடையராக ஒரு வருஷம் இருக்கும் என்று நினைக்கிறேன். மேஜையைப் பார்த்தாலே தெரிகிறது, எல்லாவற்றையும் ஒழித்து வைத்திருக்கிறாள். நாலு பாஸ்போர்ட்டையும் வரிசையாக வைத்துக்கொண்டு, "இதில் குடும்பப் பெயர் எது?" என்றாள். நான் மனுவின் பின்பக்கத்தில் வாரிசுச் சான்றிதழுக்குப் போடுகிற மாதிரி கொடிவழிப் படம் போட்டு விளக்கினேன். நன்றாகத் தலையாட்டிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்படியானால் உங்களில் யாருமே ஒரே குடும்பம் இல்லையே" என்றாள். நாலு பேரும் எதிரே உட்கார்ந்திருந்தோம். சின்னவன் என் தோளில் ஏறி என் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள். எந்தப் பிரிவில் என்று தெரியவில்லை.

அட்டை வர இன்னும் வாரங்களாகும், அதுவரை இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். அதன் பெயர் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங். மாமியைக் கூப்பிடுங்கள், இலக்கணம் அவர் துறை. ஃபிக்ட்ஸியோன் என்றால் கற்பனை, பெஷைனிகுங் என்றால் சான்று. நடுவில் வரும் 'ஸ்' பொருளில்லாத வெறும் சாரியை, நம் 'புளியங்காய்' மாதிரி. ஆக மொத்தம், கற்பனைச் சான்றிதழ். விளையாட்டில்லை, மாமா, அரசாங்கமே வைத்த பெயர். அனுமதி இருப்பதாகச் சட்டம் கற்பனை செய்துகொள்கிறது, அந்தக் கற்பனைக்கு ஆபீஸ் சான்று கொடுக்கிறது. பெரியவர்களுக்கு ஆளுக்கு 13 யூரோ. அதில் மூன்று கட்டம் இருக்கிறது. மூன்றாவதில் குறி இருந்தால்தான் வெளிநாடு போய்த் திரும்பலாம். எங்களுக்கு மூன்றாவதுதான். உங்கள் விசேஷம் முடிந்து நாலு வாரம் கழித்து, போய்வர எல்லாத் தகுதியும் உள்ள கற்பனை மனிதர்கள் ஆனோம்.

பெரியவளுக்கு ஏழு வயது. ஜெர்மன் எங்கள் இருவரையும்விட நன்றாக வரும். ஆபீஸ் கடிதம் வந்தால் அவள்தான் எழுத்துக் கூட்டாமல் படிப்பாள், நான் அர்த்தம் சொல்வேன், இருவரும் சேர்ந்தால் ஒரு ஆள். வரும்போது டிராமில் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "ஃபிக்ட்ஸியோன்னா கதைதானேப்பா? டீச்சர் சொன்னாங்க. நம்ம கதையில எல்லாரும் இருக்கோமா, இல்ல யாராவது செத்துப்போவாங்களா?" என்றாள். டிராமில் பாதிப் பேருக்குப் புரியாத பாஷை என்பதால் நல்லவேளை.

அன்றைக்கு முக்கியமான இன்னொரு நிகழ்ச்சி, அவளுடைய முதல் கைரேகை. ஆறு வயதானால் சிப்பில் ரேகை ஏற்ற வேண்டும். கண்ணாடிமேல் விரலை வைத்தாள், மெஷின் மாட்டேன் என்றது. மறுபடி வைத்தாள், மறுபடி மாட்டேன். பார்த்தால் பள்ளிக்கூடத்தில் ஏதோ மினுமினுப் பசையில் அலங்காரம் செய்த விரல். அந்த அம்மாள் எழுந்து, பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்த் தானே சோப்புப் போட்டுக் கழுவி அழைத்து வந்தாள். நம் ஊராக இருந்தால் மை ஒட்டாது என்று கவலைப்படுவோம், இங்கே மினுமினுப்பு போகாது என்று கவலை. ஐந்தாவது தடவை ரேகை விழுந்தது.

போன வாரம் நாலு அட்டையும் வந்துவிட்டன. பெரியவர்களுக்கு ஆளுக்கு 93 யூரோ, பிள்ளைகளுக்கு அரை டிக்கெட், ஆக மொத்தம் 279. டீச் செலவு கிடையாது. கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள், போலீஸைக் கூப்பிடுவார்கள். சின்னவனின் அட்டையில் "வேலை செய்ய அனுமதி உண்டு" என்று அச்சிட்டிருக்கிறது. நாலு வயது. செருப்பை இடம் மாற்றிப் போடுகிறவன். பிறந்த மூன்றாவது வாரமே வருமான வரி இலாகாவிலிருந்து அவன் பேருக்குக் கடிதம் வந்தது, இதுதான் உன் வரி எண், ஆயுசுக்கும் பத்திரமாக வைத்துக்கொள் என்று. இப்போது அனுமதியும் வந்துவிட்டது. சம்பாதிப்பதுதான் பாக்கி.

இனி மாதாமாதம் வரலாம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் மூவருக்கும் மூன்று வருஷம் கொடுத்திருக்கிறார்கள். சின்னவனுக்கு பிப்ரவரிவரைதான். பாஸ்போர்ட் முடிகிற தேதியைத் தாண்டி அட்டை போக முடியாது, நம் சர்க்கார் சின்னப்பிள்ளைகளுக்கு ஐந்து வருஷத்துக்குத்தான் பாஸ்போர்ட் கொடுக்கிறது. ஆகவே முதலில் இந்தியத் தூதரகத்தில் அவன் பாஸ்போர்ட், அதற்கு எங்கள் இருவர் கையெழுத்தும். பிறகு டெர்மின். பிறகு எஸ் எழுத்து அறை. அந்த அம்மாள் அதற்குள் ரிடையராகிவிடுவாளோ என்று இவளுக்குக் கவலை. போகும்போது கொடுக்க ஒரு காஞ்சிபுரம் கைப்பை வாங்கி அனுப்ப முடியுமா என்று மாமியைக் கேட்கச் சொன்னாள். அது லஞ்சத்தில் சேருமா, மரியாதையில் சேருமா என்று உங்கள் அனுபவத்தில் சொல்லுங்கள்.

டிசம்பர் 20-ஆம் தேதிக்கு நாலு டிக்கெட் போட்டாயிற்று. விட்டுப்போன நமஸ்காரத்தை மார்கழிக் குளிரில் வந்து செய்கிறோம். விளக்கத்தை ஏற்று மேல் நடவடிக்கையைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்ளும்,

தங்கள் மருமகன்.

இணைப்பு: 1. கற்பனைச் சான்றிதழ் நகல் – 4. 2. சின்னவன் வரைந்த படம் – 1 (யானை என்கிறான்).
நகல்: அம்மாவுக்கு, தகவலுக்காக. சின்ன அத்தைக்கு, டிக்கெட் விலை குறித்த பத்தியை மட்டும்.