கரி மையின் பழுப்பு

துருக்கித் தொப்பியோடு மூத்தாப்பா நாற்காலியில் நிமிர்ந்திருக்கும் படமொன்று உங்கள் வீட்டுச் சுவரிலும் தொங்கியிருக்கும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எத்தனை சாம்பல் நிறங்கள் அதில்!

1972இல் அடையாள அட்டை வந்தபின் பொத்துவிலிலிருந்து கல்முனை வரைக்கும் ஸ்டூடியோக்களில் கூட்டம் குறையவில்லை. அப்படியொரு ஸ்டூடியோவின் இருட்டறையில்தான் நான் படம் கழுவப் பழகினேன். டெவலப்பர் 20 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும் என்பது புத்தகக் கணக்கு, நம் ஊர் வெயிலுக்கு அது எங்கே கட்டுப்படும், மீன் பெட்டிக்கு வந்த ஐஸில் கொஞ்சம் கேட்டு வாங்கித் தட்டைச் சுற்றி அடுக்குவோம், பிறகு சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளிலிருந்து முதலில் புருவமும் பின் மீசையுமாக ஒரு முகம் எழுந்துவரும்போது, உலகத்தில் எனக்குத் தெரியாத வித்தை இனி ஏதுமில்லை என்று அந்த வயது நெஞ்சு நிமிர்த்தும். நிறம் பற்றிய கவலையே கிடையாது. புரோமைட் தாளென்றால் தூய கறுப்பு, குளோரோபுரோமைட் என்றால் சற்றே கதகதப்பு; தாளை வாங்கும்போதே அது முடிவாகிவிடும்.

இன்று இருட்டறை வேண்டாம், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போக் கரைசலின் வாடை இல்லை, கதவைத் திறந்துவைத்துப் பேரப்பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அச்சிடலாம். ஆனால் சாதாரண பிரிண்டர் நீலம், சிவப்பு, மஞ்சள் மைகளைக் கலந்துதான் சாம்பலைக் காட்டுகிறது; டியூப் லைட்டின் கீழ் பச்சை தட்டும் வாப்பாவின் கன்னம், திண்ணை வெயிலில் சிவக்கிறது. அதற்காகவே கரி மைக்கு வந்தேன். அமெரிக்காவின் ஜான் கோன் வண்ண மைகளின் இடத்தில் கரியால் ஆன பல அடர்த்திச் சாம்பல் மைகளை நிரப்பும் முறையைப் பரப்பினார். பால் ரோர்க் தம் கலவைக் கணக்குகளை எல்லாருக்கும் திறந்தே கொடுத்தார்.

கரி மங்காது, ஆனால் அதற்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. நுண்ணிய கரித்துகள் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை அதிகம் விழுங்குவதால், தாளில் மெலிதாகப் பரவிய இடமெல்லாம் பழுப்பேறும். கன்னமும் வெள்ளைச் சட்டையும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நடுநிலைச் சாம்பல் வேண்டுமென்றால் மெல்லிய மையில் துளி நீலமும் அதைவிடக் குறைவாய் மெஜெந்தாவும் சேர்க்கவேண்டும், அவையும் நிறமித் துகள் மையாகவே இருக்கவேண்டும். கூடினால் முகம் விறைத்துப்போகும். அந்த நீலம் கரிக்கு முன்னே மங்கும் என்பதால், படம் காலப்போக்கில் மெல்லத் தன் பழுப்புக்கே திரும்பும். ஆகவே கண் ஏற்கும் அளவுக்கு மட்டும் சேர்த்தால் போதும் என்பதே என் தீர்ப்பு. பளீர் வெண்மைக்காக ரசாயனம் ஏற்றிய தாளும் வேண்டாம், அந்த வெண்மையும் நாளடைவில் மஞ்சளடிக்கும். பருத்தித் தாளே நல்லது.

முகம் எழுந்துவரும் அந்தக் காத்திருப்பு மட்டும் திரும்பவில்லை, இப்போது முகம் தலையிலிருந்து தாடைவரை வரிவரியாக இறங்கிவருகிறது. இருந்தாலும், 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன அல்பங்களை நினைத்தால் இந்த இயந்திரத்தின் மேல் எனக்கு நன்றிதான். அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ சொந்தக்காரர் வீட்டில் ஒரு பிரதி தப்பியிருந்தால், அந்த முகத்தை மீட்டுவிடலாம்.

அப்படியொரு படத்தைப் பிரதி எடுக்கக் கொடுக்கும்போது என்ன மையென்று கேளுங்கள். சாய மையென்றால் நம் கடற்கரை ஈரத்தில் கசியும். கரி மையாகக் கேட்டு வாங்குங்கள்.