மைனஸ் ரெண்டு போட்டிருக்கான்

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குப் போன் அடிக்கும். எடுத்தால் வணக்கமும் இல்லை, சாப்பிட்டீர்களா என்ற விசாரிப்பும் இல்லை. "பார்த்தீங்களா? வியாழக்கிழமைக்கு மைனஸ் ரெண்டு போட்டிருக்கான்!" என்பார். ஜெர்மனியின் எர்லாங்கனுக்குப் புதிதாக வந்தவர்கள், யார் போட்டான், எதைப் போட்டான் என்று முழிப்பார்கள். கைப்பேசியில் வானிலை சொல்லும் ஆப்தான் அந்த 'அவன்'. இவரிடம் அப்படி நான்கு 'அவன்'கள் உண்டு. நாலும் நாலு விதமாகச் சொன்னால், எது வயிற்றில் அதிகமாகப் புளியைக் கரைக்கிறதோ அதுதான் வேதவாக்கு.

இவர்தான் வாழையார். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அது பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது. இந்த இனத்தார் எர்லாங்கனில் நானறிய மூன்று பேர். யார் மனமும் நோகக் கூடாதென்று மூவரையும் பிசைந்து இங்கே ஒரே உருண்டையாகப் பிடித்திருக்கிறேன். விஷயம் கசிந்து, மூன்று பேருமே தனித்தனியாக என்னிடம் வந்து, "அந்த மத்த ரெண்டு பேரைத்தானே எழுதுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பகலில் இவரை அடையாளம் காண்பது கஷ்டம். ஊரில் பாதிப் பேரைப் போல மருத்துவ ஸ்கேன் இயந்திரங்களோடு ஏதோ வேலை. மீதிப் பேரைப் போல சைக்கிள். ஆனால் குளிர்கால ஜாக்கெட்டின் வலது கையை, முட்டிக்குக் கீழே பாருங்கள். காபி சிந்தியது மாதிரி ஒரு பழுப்புத் தீற்றல் இருக்கும். அது காபி இல்லை. ஜெர்மனியின் எந்தச் சலவைத்தூளுக்கும் மசியாத வாழைக்கறை. மைனஸ் இருபது தாங்கும் என்று சத்தியம் செய்து விற்ற ஜாக்கெட்தான். வாழைச்சாறு பற்றி அந்தச் சத்தியத்தில் ஒரு வார்த்தை இல்லை.

சொந்த ஊர் தொட்டியம் பக்கம். காவிரித் தண்ணீரில் வாழை கண்ணுக்கெட்டிய மட்டும் நிற்கிற பூமி. வீட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்திலும் நாலு பூவன் நின்றது. அதற்கென்று தனியாக யாரும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியதில்லை. ஒன்று குலை தள்ளிச் சாய்ந்தால் பக்கத்தில் இரண்டு கன்று தயாராக நிற்கும். வேண்டாமென்று தோண்டி எறிந்த கிழங்கு குப்பைமேட்டில் துளிர்க்கும். பள்ளிக்கூடச் சட்டையைக் கறையாக்கிக்கொண்டு வந்து முதுகில் வாங்கியதைத் தவிர, ஊரை விட்டுக் கிளம்பும்வரை வாழைக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

ஜெர்மனியில் ஒரு வருஷம், பாய் விரித்தாற்போல் ஒரு துண்டுப் புல்தரையோடு கீழ்த்தளத்தில் வீடு அமைந்தது. அன்றைக்குப் பிடித்தது.

முதலில் ஊரிலிருந்து ஒரு ரஸ்தாளிக் கன்றை வேட்டிக்குள் சுருட்டிப் பெட்டியில் கொண்டுவரத் திட்டம். சட்டம் குறுக்கே நின்றது. 2019 டிசம்பர் 14 முதல் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செடியோ காயோ கனியோ எது வந்தாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்தே பழங்களுக்கு: அன்னாசி, தேங்காய், துரியன், பேரீச்சை, வாழை. பழம் தாராளமாக வரலாம். கன்று வரக் கூடாது. "பிள்ளைக்கு விசா வேணாமாம், தாய்க்கு மட்டும் வேணுமாம்! என்ன நியாயம் சார் இது?" என்று இவர் கேட்கும்போது, ஏதோ இவருடைய சொந்தத் தாயாருக்கே விசா மறுத்துவிட்டது போலக் குரல் கம்மும்.

கடைசியில் வாழை எங்கே கிடைத்தது தெரியுமா? நகரத்துக்கு வெளியே ஒரு பௌமார்க்ட்டில். சிமெண்ட் மூட்டை, டாய்லெட் மூடி, துளை போடும் மெஷின் எல்லாம் விற்கிற கடை. அங்கே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில், முழ உயரத்தில், நாலு இலையோடு நின்றது. அட்டையில் 'முசா பாஸ்ஜூ' என்று எழுதியிருந்தது. தென் சீனத்து ஜாதி. பழம் உண்டு, ஆனால் விதைதான் மிச்சம். வாயில் வைக்க முடியாது. ஜப்பானில் இதற்குப் பெயர் 'பாஷோ'. 17ஆம் நூற்றாண்டில் ஹைக்கூ எழுதிய பாஷோ, தன் குடிசை வாசலில் சீடர் ஒருவர் நட்டுவைத்த இந்த வாழையின் பெயரைத்தான் தனக்கு வைத்துக்கொண்டார். இந்தத் தகவல் வாழையாருக்குப் பெரிய ஆறுதல். "பழம் வராதாமே?" என்று யாராவது கேட்டால் உடனே ஜப்பானுக்குப் போய்விடுவார்.

நட்ட மறுநாள் பக்கத்துத் தோட்டத்து வேலிக்கு மேலே ஒரு தலை எழுந்தது. எண்பதை நெருங்கும், இந்த ஃபிராங்கன் வட்டாரத்துத் தாத்தா. வாழையைப் பார்த்தார், வாழையாரைப் பார்த்தார், "இந்த இடத்தில் காற்று அடிக்கும். சுவர் ஓரமாக நடு" என்றார். அவருடைய தோட்டத்தில் ஏற்கெனவே ஆள் உயரத்துக்கு மூன்று வாழை நின்றது. சீபோல்ட் என்று ஒரு டாக்டர் 1823இல் ஜப்பானுக்குப் போனதையும், இந்த வாழையின் தாவரவியல் பெயரோடு அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதையும், அவர் 1796இல் பிறந்தது இதோ இருக்கிற வூர்ட்ஸ்பர்க்கில் என்பதையும் வேலியில் சாய்ந்தபடியே சொல்லி முடித்தார். அதாவது இது எங்கள் ஊர் வாழை, நீதான் புதிதாக வந்தவன் என்று அர்த்தம்.

தொட்டியத்துப் பிள்ளைக்கு வாழை நடக் கற்றுக்கொடுத்தது ஒரு ஜெர்மன்காரர் என்பதை வாழையார் தம் ஊரில் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

தாத்தாவின் பாடம் சுருக்கமானது. குளிர் அல்ல, ஈரம்தான் எமன். வாழைத்தண்டு என்று நாம் சொல்கிற அந்தத் தூண் மரமே இல்லை. மட்டைக்குள் மட்டையாகச் சுற்றிய இலையுறைகள், உள்ளே பெரும்பாலும் தண்ணீர். உறைபனியில் அந்தத் தண்ணீர் உறையும், வெயில் பட்டதும் இளகும், பிறகு கொழகொழவென்று அழுகும். அழுகல் மெல்ல இறங்கிக் கிழங்கைத் தொட்டால் கதை முடிந்தது. கிழங்கு தப்பினால் அடுத்த வருஷம் எல்லாம் உண்டு. ஆகவே முதல் உறைபனி இலையைக் கருக்கியதும் கத்தியை எடுக்க வேண்டும்.

அப்படிக் கத்தி எடுத்த ஒரு சனிக்கிழமையை நான் பார்த்திருக்கிறேன். இலையெல்லாம் கொதிநீரில் போட்ட கீரை மாதிரி தொங்கியது. வாழையார் இடுப்பு உயரத்தில் தண்டைச் சீவினார். வெட்டுவாயில் வட்டம் வட்டமாக மட்டை அடுக்கு, அறை அறையாகத் தேன்கூடு போல. நடுவில் விரல் கனத்துக்கு வெள்ளைக் குருத்து. விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், சமமாகச் சீவிய இடத்தில் நடுக்குருத்து மட்டும் நூலளவு மேலே எழும்பியிருந்தது. வெளியே ஐந்து டிகிரி. "பார்த்தீங்களா, இதுக்கு இன்னும் தெரியலை" என்றார் வாழையார், ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற குரலில்.

பிறகு சுற்றிக் கோழிவலையில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் திணிக்கக் காய்ந்த இலைச் சருகு. தெருவில் சருகு கூட்டுகிற ஜெர்மானியர்கள் கையிலிருந்து மூட்டையை இவர் கேட்டு வாங்கிக்கொள்வதால், அக்கம்பக்கத்தில் இவருக்கு நல்ல மரியாதை. மேலே தெர்மோகோல் பலகை, அதற்கு மேல் மழை இறங்காமல் தார்ப்பாய், காற்றுப் போக ஓரமாக இடைவெளி, கடைசியில் கயிறு. எல்லாம் முடிந்ததும் தாத்தா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு, "பாஸ்ட் ஷோ" என்றார். சரிதான், இருக்கட்டும் என்பது போல ஒரு ஃபிராங்கன் சொல். இந்த வட்டாரத்தில் நோபல் பரிசு கிடைத்தாலும் அதற்கு மேல் பாராட்ட மாட்டார்கள்.

ஒரு வாழையோடு நின்றால் அவர் வாழையார் இல்லை. வரவேற்பறையில் தென்பக்க ஜன்னலை மறித்துக்கொண்டு ஒரு குட்டைக் காவெண்டிஷ் இருக்கிறது. ஹீட்டர் காற்றில் இலையின் அடியில் சிவப்புச் சிலந்தி பிடிக்கும் என்பதால் ஞாயிறுதோறும் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பார். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நெத்தியில ஒரு ஈரத்துணி போட்டிருக்காரா, கேளுங்க" என்பார் அவர் மனைவி. வாழையார் பதில் சொல்ல மாட்டார், துடைத்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவதுதான் வம்பை வாங்கி வந்தது. எத்தியோப்பியாவில் கிழங்குக்காகப் பயிரிடும் என்செட்டே இனத்தில், அழகுக்காக வளர்க்கும் சிவப்பு ஜாதி. பூவனைப் போலப் பக்கக்கன்று விடாது, ஒற்றைப் பிள்ளை. குளிர் கொஞ்சமும் ஆகாது. ஆகவே இலைகளை அறுத்து, வேரோடு தோண்டி, தலைகீழாகச் சாய்த்து நீர் வடியவிட்டு, கட்டடத்துக்கு அடியில் இருக்கும் கெல்லரில் படுக்கவைத்தார். அங்கே வீட்டுக்கு ஒரு மரச்சட்ட அடைப்பு உண்டு. சட்டங்களின் இடுக்கு வழியே உள்ளே இருப்பது தெரியும். தூசி படாமல் இருக்கட்டுமென்று பழைய எட்டு முழ வேட்டியால் தலை முதல் கால்வரை சுற்றியிருந்தார். அடுத்த அடைப்பில் உருளைக்கிழங்கு எடுக்க வந்த மூதாட்டி இடுக்கு வழியே பார்த்திருக்கிறார். பிறகு கட்டட நிர்வாகத்திடமிருந்து வந்த கடிதத்தில் 'பொருளின் தன்மையை விளக்கவும்' என்று ஒரு வரி இருந்தது. இவர் மூன்று பக்கம் விளக்கினார். இரண்டாம் பக்கத்தில், மேன்மக்கள் இதே வேலையை இதே ஊரில் செய்ததற்கு அத்தாட்சியாக, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரண்மனைத் தோட்டத்தில் எழுப்பிய ஓரஞ்சரிக் கட்டடத்தைக் காட்டியிருந்தார். ஆரஞ்சு மரங்களுக்கு மார்க்கிரேவ் பிரபு மாளிகை கட்டலாமென்றால் வாழைக்கு ஒரு வேட்டி கூடாதா?

ஜனவரியில் வாராவாரம் கெல்லருக்கு இறங்குவார். டார்ச் அடித்து வேட்டியை விலக்கி, தண்டின் அடியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பச்சை மாங்காய் போல் கெட்டியாக இருந்தால் நிம்மதி. விரல் உள்ளே போனால் அந்த மட்டையை உரித்து எடுத்துவிடுவார். பிறகு குனிந்து மோந்து பார்ப்பார். புளித்த வாடை வந்தால் அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது.

மனைவியிடம் கேட்டுத்தான் கிருத்திகை என்றைக்கு என்று தெரிந்துகொள்வார். ஆனால் மே மாதத்துப் பனிப் புனிதர்கள் மனப்பாடம்: 12 பாங்க்ராட்டியுஸ், 13 செர்வாட்டியுஸ், 14 போனிஃபாட்டியுஸ், 15 குளிர் சோஃபி. சோஃபி கண்ணை மூடிய பிறகுதான் மென்செடி எதையும் வெளியே வைக்கலாம் என்பது இங்கத்திய விவசாயக் கணக்கு. ஒரு வருஷம் மார்ச்சில் பத்து நாள் பங்குனி வெயில் போல் அடிக்க, ஆசையில் கூண்டைப் பிரித்துவிட்டார். ஏப்ரலில் ஒருவன் மைனஸ் நாலு போட்டான். அதிலிருந்து சோஃபி மேல் இவருக்குச் சமயபுரத்தாள் மேல் இருக்கிற பயம். 1755 முதல் பெந்தகொஸ்தே சமயத்தில் நடக்கிற பெர்க் பீர்த் திருவிழாவுக்கு ஊரே குன்றேறும்போது, பல வருஷங்களில் இவர் மட்டும் மண்வெட்டியோடு எதிர்த்திசையில் போவார்.

கோடையில் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஓர் இலை. ஆகஸ்டில் கூரை விளிம்பைத் தொடும். விருந்தாளிகள் வாயைப் பிளப்பார்கள். யாராவது ஒரு பேச்சுக்கு, "தலைவாழை இலை போட்டுச் சாப்பிட்டுட வேண்டியதுதான்!" என்றால் போச்சு. அவர் முகத்தில் வெட்டுவாய் தெரியும். இலைதான் சமையலறை, அதில் ஆகிற சாப்பாடுதான் கிழங்குக்குப் போய் மழை பனி தாங்க வைக்கிறது, ஒன்றை வெட்டினால் பத்து நாள் பட்டினி என்று ஒளிச்சேர்க்கைப் பாடம் தொடங்கும். பாடம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தால் எதிரே வாழை இலைதான் கிடக்கும். நூரன்பெர்க்கில் யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் வாங்கிய, உறைய வைத்த தாய்லாந்து இலை. ஜன்னலுக்கு வெளியே பன்னிரண்டு இலை காற்றில் ஆடும்.

போன டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தார். பொறுப்பெல்லாம் தாத்தாவிடம். தொட்டியத்தில் மத்தியானம் பன்னிரண்டரை. அம்மா கொல்லைக்குப் போய்க் கையில் வந்த ஓர் இலையைக் கிள்ளுவது போல அறுத்துவந்து, தண்ணீர் தெளித்து, மகனுக்குச் சோறு போட்டிருக்கிறார். மகன் கொல்லைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லையாம். இடது கையில் கைப்பேசி, வீடியோ அழைப்பு. எர்லாங்கனில் காலை எட்டு, இன்னும் சரியாக விடியவில்லை. தாத்தா டார்ச்சோடு தோட்டத்தில் நின்று, தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டிய உருவத்தின்மேல் படிந்த பனியைத் துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"எவ்வளவு போட்டிருக்கான்?" என்று ஜெர்மனில் கேட்டிருக்கிறார் மகன்.

"மைனஸ் ஒன்பது. பாஸ்ட் ஷோ."

அம்மா ரசக் கிண்ணத்தோடு தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாராம். சுற்றிக் கட்டி நின்ற உருவத்தைப் பார்த்தார், துடைப்பத்தோடு நின்ற பெரியவரைப் பார்த்தார்.

"பாவம்டா, இந்த வயசுல… யாருடா அவரு சம்சாரமா? உள்ள கூட்டிட்டுப் போகச் சொல்லேன்டா."